எது தாது, எது கழிவு

"இந்தியாவின் கனிம வளத்தில் 40 சதவீதம் ஜார்க்கண்டில் இருக்கிறது." போட்டித் தேர்வுக் கையேடுகள், முதலீட்டாளர் மாநாட்டு விளம்பரங்கள், மேடைப் பேச்சுகள் என எங்கும் இந்த வாக்கியம் அலுக்க அலுக்க வருகிறது. எதில் 40 சதவீதம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எடையிலா? அப்படியானால் நிலக்கரியின் முன்னால் செம்பும் யுரேனியமும் மைக்காவும் கணக்கிலேயே வராது. விலையிலா? எந்த ஆண்டின் விலை? எண்ணைச் சொல்வது எளிது. கூட்டல் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

மாநிலம் வளமானது என்பதில் சந்தேகமில்லை. பரப்பில் தமிழ்நாட்டின் ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். அதற்குள் நாட்டின் அறியப்பட்ட நிலக்கரியில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கிறது. இரும்பு, செம்பு, பாக்சைட், யுரேனியம், மைக்கா, சுண்ணாம்புக்கல், கயனைட் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு பாறையில் உலோகம் இருப்பதால் மட்டும் அது தாது ஆகிவிடாது. தோண்டி, நொறுக்கி, பிரித்து, விற்ற பிறகு கையில் காசு மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் தாது, மிஞ்சாவிட்டால் அதே பாறைக்குப் பெயர் கழிவு. அதனால்தான் நிலவியலாளர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். பூமிக்குள் இருப்பதாகத் தெரிந்த மொத்த அளவு வளம். இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலைக்கு, லாபமாக எடுக்கக்கூடிய பகுதி இருப்பு. விலை ஏறினால் இருப்பும் ஏறும், பூமியில் ஒரு கைப்பிடி மண்கூட புதிதாகச் சேராமலே.

பாறையைச் செய்ய இயற்கைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அதைத் தாதுவாக்குவது விலை, தொழில்நுட்பம், அரசியல், பிறகு எந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற ஏற்பாடு. இந்தக் கடைசி விஷயம் பாடப்புத்தகங்களில் வராது. ஜார்க்கண்டில் அதை விட்டுவிட்டு எதையும் விளக்க முடியாது.

தெற்கிலிருந்து தொடங்குவோம். மேற்கு சிங்பூம் மாவட்டத்தில் சாரண்டா என்ற பெரிய சால் மரக் காடு இருக்கிறது. காட்டுக்குள்ளும் ஓரத்திலும் நோவாமுண்டி, குவா, கிரிபுரு, மேகாஹாதுபுரு என்று இரும்புச் சுரங்க ஊர்கள். நோவாமுண்டியில் டாடா நிறுவனம் 1925 முதல் தோண்டி வருகிறது. இந்த வட்டாரத்தில் பாதையோரம் கிடக்கும் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம். கருங்கல்லைத் தூக்கிப் பழகிய கைக்கு இது எதிர்பாராத பாரம். பிறகு நிறம். சாம்பல் கலந்த கறுப்பில் ஒரு பட்டை, அதன் மேல் செங்கல் நிறத்தில் ஒன்று, மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. சில பட்டைகள் விரல் தடிமன், சில நூல் தடிமன். கறுப்புப் பட்டை ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. சிவப்பு, இரும்புக் கறை படிந்த சிலிக்கா. மெருகேற்றாத பீங்கான் ஓட்டில் கறுப்புப் பட்டையைத் தேய்த்தால் கோடு கறுப்பாக விழாது, காவிச் சிவப்பாக விழும். நிலவியல் மாணவர்கள் ஹேமடைட்டைக் கண்டுபிடிக்க முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சோதனை இது.

இந்தப் பட்டைகள் கடலடியில் படிந்தவை. 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அப்படிப்பட்ட கடலில் இரும்பு கரைந்தே கிடக்கும். கடலடி வெந்நீர் ஊற்றுகள் அதை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் பட்ட இடத்தில் இரும்பு துருவாகி அடியில் இறங்கும். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். சிங்பூமின் இரும்புப் படிவுகளோ அதற்கும் பல பத்துக் கோடி ஆண்டுகள் மூத்தவை. அப்படியானால் துருப்பிடிக்க வைத்தது எது? ஆக்சிஜன் வெளியிடும் நுண்ணுயிர்கள் ஆழமற்ற கடலோரங்களில் முன்பே இருந்திருக்கலாம். அல்லது ஆக்சிஜனே இல்லாமல், சூரிய ஒளியைக் கொண்டு இரும்பை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்கள் வேலையைச் செய்திருக்கலாம். அவற்றின் உறவினர்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

சிங்பூமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கடலுக்கு மேலே தலைகாட்டிய உலகின் முதல் கண்டத் துண்டுகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இங்குள்ள பழைய மணற்கற்களையும் கிரானைட்டுகளையும் ஆராய்ந்து, 330 முதல் 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிலம் நீருக்கு மேல் வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

கடலில் படிந்த பட்டைக்கல் அப்படியே தாது ஆகிவிடவில்லை. அதில் இரும்பு 30, 35 சதவீதம்தான். கடலடி நிலம் மலையாக உயர்ந்து, வெப்பமண்டல மழை கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறி இறங்கி, சிலிக்காவைக் கரைத்து எடுத்துப்போன பிறகுதான் மிச்சமிருந்த கல்லில் இரும்பு 60 சதவீதத்தைத் தாண்டியது. சில இடங்களில் சிலிக்கா முழுவதுமாகப் போய், கல்லின் பிணைப்பே விட்டுப்போய், கையில் எடுத்தால் பொடியாக உதிரும் தாது கிடைக்கிறது. சுரங்கக்காரர்கள் அதை ப்ளூ டஸ்ட் என்பார்கள்.

எத்தனை சதவீதம் இருந்தால் இரும்புத் தாது? நீண்ட காலம் இந்தியாவில் 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது கழிவு. குவாரி ஓரத்தில் மலையாகக் குவித்துவிடுவார்கள். நாக்பூரில் இருக்கும் இந்தியச் சுரங்கப் பணியகம் 2009இல் அந்த எல்லையை 45 ஆகக் குறைத்தது. அறிவிப்பு வந்த அன்று சாரண்டாவின் குப்பைமேடுகளில் ஒரு பகுதி தாது ஆனது. கல் மாறவில்லை, காகிதம் மாறியது. அதுவரை அந்த மேடுகளிலிருந்து மழையில் கரைந்த மண்ணும் நுண்தூளும் கோயினா, காரோ ஆறுகளைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தன. அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்த ஹோ பழங்குடி மக்களுக்கு எல்லை 55ஆ 45ஆ என்பதில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

மாநிலத்தின் வடமேற்கில், நேதர்ஹாட் பீடபூமியில் வாழும் அசுர் மக்கள் பல தலைமுறைகளாக இரும்பு உருக்கியவர்கள். களிமண் உலை, சால் மரக் கரி, காலால் மிதிக்கும் தோல் துருத்தி. இவ்வளவுதான் அவர்களுடைய ஆலை. எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காத சிறு சிறு கல் திட்டுகளே அவர்களுக்குப் போதுமான தாதுவாக இருந்தன. வனச் சட்டங்கள் கரிக்கு மரம் வெட்டுவதைத் தடுத்தன. ஆலை இரும்பு சந்தையில் மலிவாக வந்தது. உலைகள் அணைந்தன. இப்போது அதே பீடபூமியின் செம்மண் மேற்பரப்பைச் சுரண்டி பாக்சைட்டை லாரிகளில் ஏற்றுகிறார்கள். லோஹர்தகாவின் பாக்ரு மலையிலும் இதே காட்சிதான். பாக்சைட் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அதன் கதை ஒடிசாவில் இன்னும் விரிவாகக் கிடைக்கிறது.

கிழக்கு சிங்பூமுக்குப் போனால் பாறை வேறு. பூமியின் மேலோட்டில் இரண்டு பெரும் பாளங்கள் உரசி நசுங்கிய ஒரு வளைவு, சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. நசுங்கிய பாறையின் விரிசல்கள் வழியே மேலேறிய சூடான நீர்மங்கள் செம்பையும் யுரேனியத்தையும் விட்டுச்சென்றன. செம்பை முதலில் கண்டவர்கள் பிரிட்டிஷார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சுற்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வாலன்டைன் பால், பழங்காலத்தவர் தோண்டிய குழிகளையும் உருக்கிய கசடுக் குவியல்களையும் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தடங்களைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் கம்பெனிகள் வந்தன. கட்சிலா அருகே மௌபண்டாரில் உருக்காலை எழுந்தது. 1972இல் அது அரசுடைமையாகி ஹிந்துஸ்தான் காப்பர் கைக்கு வந்தது.

அதே வளைவில்தான் ஜாதுகுடா இருக்கிறது. 1951இல் இந்தியாவின் முதல் யுரேனியப் படிவு இங்கே கண்டறியப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் சுரங்கம் வேலை செய்யத் தொடங்கியது. இப்போது ஆழம் சுமார் 900 மீட்டர். இங்கே ஒரு டன் பாறையை மேலே கொண்டுவந்தால் அதில் அரை கிலோ சொச்சம்தான் யுரேனியம். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் ஒரு டன்னில் 100 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. உலகச் சந்தைக் கணக்கின்படி பார்த்தால் ஜாதுகுடாவின் பாறை தாதுவே இல்லை. ஆனால் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1974இல் பொக்ரானில் குண்டு வெடித்தது. அதன் பிறகு பெரும்பாலான நாடுகள் நமக்கு யுரேனியம் விற்கத் தயாராக இல்லை. 2008இல் அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு விலக்கு அளிக்கும் வரை இந்த மெலிந்த பாறைதான் நாட்டுக்குத் தாது. பக்கத்துச் செம்புச் சுரங்கங்களின் கழிவைக்கூட விடவில்லை. மோசாபனி, சுர்தா, ராக்கா ஆகிய ஊர்களில் செம்பு எடுத்த பிறகு மிஞ்சிய கசட்டை மறுபடி அலசி, அதிலிருந்த துளி யுரேனியத்தையும் பிரித்தெடுக்க ஆலைகள் இருந்தன. ஒருவரின் கழிவு அடுத்தவரின் தாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அரை கிலோ போக, மீதி? டன்னில் மீதி 999 கிலோவுக்கு மேல் பொடியாக அரைக்கப்பட்டு, அமிலத்தில் ஊறி, நடுநிலையாக்கப்பட்டு, சேறாகக் குழாய் வழியே பள்ளத்தாக்கில் அணை கட்டிய குட்டைகளுக்குப் போகிறது. யுரேனியத்தை எடுத்துவிட்டால் கதிரியக்கம் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. யுரேனியம் சிதைந்து உண்டான தோரியம்-230, ரேடியம்-226 ஆகியவை சேற்றிலேயே தங்கிவிடுகின்றன. தாதுவின் மொத்தக் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் இப்படிக் குட்டைக்குப் போய்ச் சேரும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். தோரியத்தினுடையது 75,000 ஆண்டுகள். 2006 டிசம்பரில் குழாய் உடைந்து அந்தச் சேறு ஓர் ஓடையில் கலந்தது. குட்டைகளுக்கு அருகே வாழும் சந்தால், ஹோ மக்களின் உடல்நலக் கேடுகளுக்குக் கதிர்வீச்சே காரணம் என்று மருத்துவர் குழுக்கள் சொல்வதும், இல்லை என்று அணுசக்தித் துறை மறுப்பதும் கால் நூற்றாண்டாக நடக்கிறது. இரு தரப்பும் நம்பக்கூடிய, சுதந்திரமான, நீண்டகால மக்கள்நல ஆய்வு ஒன்று சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்தே நடந்திருக்க வேண்டும். 75,000 ஆண்டுக்கான பொருளைக் கையாளும் நிறுவனத்திடம் எதிர்பார்க்கக் கூடிய மிகக் குறைந்த ஒழுங்கு அது.

மைக்காவின் கதை சுருக்கமானது. கோடர்மா, கிரிடி பக்கத்துப் பெக்மடைட் பாறைகளில் மஸ்கோவைட் என்ற வகை, தடித்த புத்தகங்களாக வளர்ந்திருக்கிறது. தகடுகளுக்கு இடையே பொட்டாசியம் அணுக்களின் பலவீனமான பிணைப்பு மட்டும்தான் இருப்பதால், கத்தி முனையால் காகிதத்தைவிட மெல்லிய ஏடாகப் பிரிக்கலாம். அது மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டுக்கும் அசையாது. வானொலி வால்வுகளின் காலத்தில் இது போர்த் தளவாடம்; இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் கோடர்மாவை நம்பியிருந்தன. டிரான்சிஸ்டர் வந்தது, வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் மறைந்தது, வனப் பாதுகாப்புச் சட்டம் குத்தகைகளை முடக்கியது. சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றின் குப்பைமேடுகளில் கிடந்த மைக்காத் துண்டுகளுக்கு, டிப்ரா என்று உள்ளூரில் சொல்வார்கள், பின்னர் புதிய வாடிக்கையாளர் கிடைத்தார்: மினுமினுப்பு வேண்டிய அழகு சாதனத் தொழிலும் கார் பெயின்ட் தொழிலும். டிப்ரா பொறுக்குவது பெண்களும் குழந்தைகளும். சட்டப்படி அங்கே சுரங்கமே இல்லை. அதனால் பொந்து சரிந்து யாராவது இறந்தால் அது சுரங்க விபத்தாகவும் பதிவாவதில்லை.

இனி நிலக்கரி. வடக்கே தாமோதர் பள்ளத்தாக்குக்கு வரும்போது காலம் ஒரேயடியாகத் தாவி 30 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அன்று இந்தியா தென்துருவத்துக்கு அருகே, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவோடு ஒட்டிக் கிடந்தது. நிலக்கரிப் படுகைகளின் அடியில் உருண்டைக் கற்கள் கலந்த ஒரு படிவு இருக்கிறது. ஒடிசாவின் தால்சேரில் 1856இல் அதைக் கண்ட நிலவியலாளர்களான பிளான்ஃபர்ட் சகோதரர்களும் தியோபால்டும், பனிக்கட்டி கொண்டுவந்து போட்ட கற்கள் இவை என்றார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனியா என்று அன்றைக்கு எத்தனை புருவங்கள் உயர்ந்திருக்கும்! பிறகு கிடைத்த சான்றுகள் எல்லாம் அவர்கள் பக்கமே நின்றன. பனி விலகியதும் நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் குளோசாப்டெரிஸ் மரங்களின் காடு வளர்ந்தது. தாமோதர் நிலக்கரி அந்தக் காடுதான்.

இந்தக் காடு மக்கிய விதத்தில் ஒரு குறை உண்டு. ஆறுகள் தாவரக் குப்பையோடு களிமண்ணையும் சேர்த்தே அடித்துவந்தன. அதனால் இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 30, 40 சதவீதம் சர்வ சாதாரணம். மண் துகள்கள் கரிக்குள்ளேயே நுணுக்கமாகக் கலந்திருப்பதால் கழுவினாலும் எளிதில் போகாது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் குட்டைகள் இவ்வளவு பெரியதாக இருப்பதற்கு இதுவே மூலகாரணம்.

தன்பாத் மாவட்டத்தின் ஜரியா இதில் தனி. சுமார் 450 சதுர கிலோமீட்டர் படுகையில் பதினெட்டு முக்கிய நிலக்கரி அடுக்குகள், கீழிருந்து மேலாக எண் இடப்பட்டவை. மேலடுக்குகளில் கிடைப்பது முதல்தரக் கோக்கிங் நிலக்கரி. காற்றில்லாமல் சூடாக்கினால் இந்தக் கரி முதலில் இளகி, உப்பி, பிறகு நுண்துளைகள் நிறைந்த கடினமான கோக்காக இறுகும். ஊது உலையில் பல மீட்டர் உயரத்துக்கு இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கும்போது அந்தப் பாரத்தைத் தாங்கி, நடுவே காற்றுக்கும் வழிவிட்டு நிற்பது கோக் மட்டும்தான். எல்லாக் கரியும் இதைச் செய்யாது. சரியான ஆழம், சரியான சூடு, சரியான காலம் மூன்றும் கூடிவந்தால்தான் உண்டு. கொஞ்சம் மிகுந்தாலும் கெட்டுவிடும். ஜரியாவிலேயே எரிமலைக் குழம்பு ஊடுருவிய இடங்களில் பூமிக்குள்ளேயே வெந்து பயனற்றுப்போன கரி இருக்கிறது. உள்ளூர்ப் பெயர் ஜாமா.

நாட்டின் முதல்தரக் கோக்கிங் நிலக்கரி ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே படுகையில் இருக்கிறது. அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எரிந்துகொண்டிருக்கிறது. முதல் தீ பதிவானது 1916இல்.

ஈரமான வைக்கோலைப் போராக அடுக்கிவிட்டால் சில நாளில் உள்ளே கைவைக்க முடியாதபடி சூடாகிவிடும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். நிலக்கரியிலும் சூடு அப்படித்தான் சிறைப்படுகிறது. அங்கே தொடக்கி வைப்பது நுண்ணுயிர், இங்கே ஆக்சிஜன். புதிதாக உடைபட்ட கரி, சாதாரண வெப்பநிலையிலேயே காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல உறிஞ்சும். அந்த வினையில் சிறிது சூடு பிறக்கும். காற்று தாராளமாக வீசினால் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். காற்றே இல்லாவிட்டால் வினையே நடக்காது. ஆபத்து நடுவில் இருக்கிறது: ஆக்சிஜன் கிடைக்கும் அளவுக்குக் காற்று, சூட்டை எடுத்துச்செல்லப் போதாத அளவுக்குக் காற்று. சூடு ஏற ஏற வினை வேகம் பிடிக்கும். முதலில் ஈரம் ஆவியாகிச் சுவர் வியர்க்கும், பிறகு ஒரு பெட்ரோலிய வாடை, பிறகு புகை. கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகள் இந்த நடுநிலையை ஆண்டுக்கணக்கில் பேணிக் காப்பவை.

அப்படிப்பட்ட பாதைகளை ஜரியாவுக்குக் கீழே விட்டுச்சென்றவர்கள் அந்நாள் தனியார் முதலாளிகள். 1890களில் ரயில் வந்ததும் நூற்றுக்கணக்கான சிறு சுரங்கங்கள் முளைத்தன. கரித் தூண்களை நிறுத்திவிட்டு இடையில் தோண்டுவது முறை. தோண்டி முடித்த வெற்றிடத்தை ஆற்று மணலால் நிரப்பினால் மேல்நிலம் சரியாது, காற்றும் புகாது. தாமோதர் ஆறு பக்கத்தில்தான் ஓடியது, மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மணல் நிரப்பச் செலவாகும். நல்ல கரியை மட்டும் எடுத்துக்கொண்டு, தூண்களையும் அரித்து, பள்ளத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். தூண்கள் நொறுங்க, மேல்நிலம் விரிய, விரிசல் வழியே காற்று இறங்கியது. 1971, 72இல் கோக்கிங் நிலக்கரி அரசுடைமையானபோது அரசு நிறுவனமான பாரத் கோக்கிங் கோல் பல தீக்களையும் சேர்த்தே வாங்கியது. பிறகு உற்பத்தி இலக்குக்காகத் திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகின. மேலிருந்து வெட்டிக்கொண்டு போகும்போது பழைய பாதைகள் வாய் திறந்து, தீக்கு மேலும் காற்றுக் கிடைத்தது. முதலாளிகளைத் திட்டிவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுவது நேர்மையாகாது.

பழைய பாதைகளில் தீ மட்டும் இல்லை, தண்ணீரும் உண்டு. 1975 டிசம்பர் 27 அன்று அருகேயுள்ள சாஸ்நாலா சுரங்கத்தில், நீர் நிரம்பிக் கிடந்த பழைய பகுதிக்கும் வேலை நடந்த பகுதிக்கும் இடையிலிருந்த தடுப்பு உடைந்தது. 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தீப்பகுதி இப்போது 2 சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் ஆய்வை வைத்து அரசு சொல்கிறது. எரியும் கரியைத் தோண்டி எடுத்ததால் உண்மையான குறைவு இருக்கிறது. ஆனால் செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கண் பார்ப்பது மேற்பரப்பின் சூட்டைத்தான். ஆழத்தில் கனன்றுகொண்டிருப்பது மேலே எட்டும் வரை அதற்குத் தெரியாது. அபாயம் கருதி 2017 ஜூனில் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையை மூடினார்கள். 2019இல் மறுபடி ரயில் விட்டார்கள். மக்களை வேறிடத்தில் குடியமர்த்தவும் தீயை அணைக்கவும் 2009இல் 7,112 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வந்தது. முடியாததால் 2025இல் 5,940 கோடியில் திருத்திய திட்டம். பெல்கரியா என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர்களின் புகார் தொடக்கத்திலிருந்தே ஒன்றுதான்: வீடு இருக்கிறது, வேலை இல்லை. ஜரியாவில் காலடி சுட்டாலும் கரி அள்ளினால் அன்றாடக் கூலி உண்டு.

அந்தக் கூலியின் ஒரு முகத்தை ராம்கரிலிருந்து ராஞ்சிக்கு ஏறும் சுட்டுபாலு மலைச்சாலையில் பார்க்கலாம். ஒரு சாதாரண சைக்கிள். சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு மூட்டை, இரண்டு பக்கமும் தொங்க மூட்டைகள், பின்னால் ஒன்று. மொத்தம் 200 கிலோவுக்குக் குறையாது. மிதிப்பதற்கு இடமே இல்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்மூட்டையையும் பிடித்து, உடம்பைச் சாய்த்து, மேட்டில் தள்ளிக்கொண்டே போகிறார்கள். டீக்கடைக்கும் செங்கல் சூளைக்கும் வீட்டு அடுப்புக்கும் போகிற கரி அது. சட்டப்படி திருட்டு. எந்த உற்பத்திப் புள்ளிவிவரத்திலும் ஏறாத நிலக்கரி.

கடைசியாகப் பணக் கணக்கு. 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஜாம்ஷெட்பூரில் வார்த்த எஃகு நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைக்கும். தூரத்துக்கு ஆகும் ரயில் செலவைப் பொதுவில் பங்கிட்டுக்கொள்வார்கள். 1990களின் தொடக்கம் வரை இது நீடித்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைப்பதில் இருந்த இயற்கையான லாபம் இதனால் மறைந்தது. தொழிற்சாலைகள் துறைமுகங்களுக்கும் சந்தைகளுக்கும் அருகே போயின. கோயம்புத்தூர் பட்டறைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வளர்ந்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒன்று என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கனிமம் மாநிலத்துக்குச் சொந்தம். ஆனால் முக்கியக் கனிமங்களுக்கு ராயல்டி எவ்வளவு என்று முடிவுசெய்வது 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு. நிலக்கரிக்கு விலையில் 14 சதவீதம், இரும்புத் தாதுவுக்கு 15. அதற்கு மேல் மாநிலம் தன் பங்குக்கு வரி போடலாமா? இந்தக் கேள்வியின் வழக்கு தமிழ்நாட்டில் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் ராயல்டி மீது தமிழ்நாடு விதித்த செஸ்ஸை இந்தியா சிமென்ட்ஸ் எதிர்த்தது. ராயல்டியே ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் போட முடியாது என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 1989இல் தீர்ப்பளித்தது. ஜார்க்கண்ட் உள்ளிட்ட மாநிலங்களின் கையை அந்தத் தீர்ப்பு நீண்ட காலம் கட்டிப்போட்டது. சுரங்கம் மூடிய பிறகும் தொடரும் தீக்கும் குட்டைக்கும் ஆற்றுக்கும் ஆகும் செலவைத் தாதுவின் விலையோடு சேர்க்க மாநிலங்களுக்கு வழி இல்லாமல் போனது. 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. பழைய குத்தகைகள் ராயல்டித் தொகையில் 30 சதவீதத்தைக் கூடுதலாக அவற்றுக்குச் செலுத்த வேண்டும், அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடப்பட வேண்டும். உருப்படியான ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் கிராம சபையின் குரல் பல இடங்களில் பெயரளவில் நிற்கிறது.

2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பழைய தீர்ப்பை மாற்றியது. வழக்கின் முதல் பெயர் தன்பாத் வட்டாரத்தின் கனிமப் பகுதி மேம்பாட்டு ஆணையத்தினுடையது. ராயல்டி வரி அல்ல, கனிம உரிமை மீதும் கனிம நிலத்தின் மீதும் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அடுத்த மாதம் இன்னோர் உத்தரவில், 2005 ஏப்ரல் 1 முதலான பழைய பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம் என்றது. கம்பெனிகள் அதை 2026 ஏப்ரல் 1 தொடங்கி 12 ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் கிடையாது, அபராதமும் கிடையாது.